ஜப்பான் புல்லும் ஐந்து தட்டும்

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் எட்டுப் பேர். நான், என் கணவர் முனியாண்டி, எங்கள் மகள் தர்ஷினி. மாப்பிள்ளைப் பையன் கண்ணன், அவனுடைய அம்மா, அப்பா, அப்பாவின் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் யா. அவ்வளவுதான். இதை ஏன் இவ்வளவு கணக்காக எழுதுகிறேன் என்றால், இப்போது கேட்டால் எங்கள் ஊரான கிள்ளானில் பாதிப் பேர் "நான் கண்ணால பார்த்தேன்" என்கிறார்கள். போன தைப்பூசத்துக்குப் பத்துமலையில் சந்தித்த ஒரு பெண், நான்தான் அந்த அம்மாள் என்று தெரியாமல் என்னிடமே அந்தக் கதையைச் சொன்னாள். அதில் நான் மயக்கம் போட்டு விழுகிறேன். உண்மையில் விழவில்லை. விழலாமா என்று யோசித்தேன், அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

எட்டுப் பேரைத் தவிர ஒரு புல்லும் இருந்தது. அதை வீட்டுக்கு அழைத்து வந்தவள் நான்.

நான் பயப்படுகிற ஜாதி. பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். அணைத்திருக்கும். மறுபடி நிறுத்தத்துக்குப் போனதும், திரும்பி வந்தபோது கதவைப் பூட்டினேனா என்று சந்தேகம் வரும். இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை விட்டுவிட்டு, கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. (ஓட்டை இருக்குமோ, ஓட்டை இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அது. வீட்டில் இதையே சும்மா செய்கிறேன்.)

இப்படிப்பட்டவளுக்குச் சம்பந்தியாக வாய்த்தவர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

தர்ஷினி வந்து, "அம்மா, கண்ணனோட அம்மா ஹெட்மிஸ்ட்ரஸ்மா" என்று சொன்ன நிமிடத்தில், பையன் நல்லவனா, என்ன சம்பளம் என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நகம் வெட்டியிருக்கிறேனா என்று கையைப் பார்த்துக்கொண்டேன்.

முதலில் நாங்கள்தான் பெட்டாலிங் ஜெயாவில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். மூலை வீடு. வாசலில் ஒரு வரிசைக்குப் புல் நட்டிருந்தார்கள். மாடு தின்னும் புல் இல்லை. இடுப்பு உயரத்துக்குக் குத்துக் குத்தாக நின்று, நுனியில் நரிவால் மாதிரி வெள்ளைக் கதிர்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. புல்லுக்கே இங்கே ஒழுக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். டீச்சரம்மா காட்டன் புடவையில் மடிப்புக் கலையாமல் நின்று வரவேற்றார். நான் புல்லையே பார்ப்பதைக் கவனித்து, "உங்களுக்கும் தோட்டக்கலையில் ஆர்வம் உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் தலைமையாசிரியை கேள்வி கேட்டால் 'இல்லை' என்பது பதிலே ஆகாது என்று என் உடம்புக்குள் எங்கேயோ எழுதியிருக்கிறது.

"உண்டு டீச்சர். எங்க வீட்டுலயும் இந்தப் புல்லுதான். நிறைய."

என் கணவர் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதுபோல மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் அன்றைக்கு இருந்த மொத்தத் தாவரமும் ஒரு சாயவாளியில் நின்ற கறிவேப்பிலைச் செடி மட்டும்தான். அதிலும் பாதி காக் யாவுக்குச் சேர வேண்டியது.

காரில் வரும்போதுதான் வாயைத் திறந்தார். "சரோ, நம்ம வீட்டுல எங்கமா புல்லு?"

"வரும்."

"அவங்க நிச்சயத்துக்குத் தட்டு எடுத்துட்டு வர நாலு மாசந்தான் இருக்கு."

"புல்லுதானேங்க. நாலு மாசத்துல வராதா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் வாழ்க்கையில் முழுசாகப் பதில் கற்றுக்கொண்டேன். வரும். வந்துகொண்டே இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை சுங்கை பூலோவில் வரிசையாக இருக்கும் நாற்றுப்பண்ணைகளில் ஒன்றுக்குப் போனோம். நரிவால் புல் எட்டுத் தொட்டி எடுத்தேன். காசு கொடுக்கும் நேரத்தில் அங்கிருந்த அண்ணன், "அக்கா, இதப் பாத்தீங்களா? ஜப்பான் சாமான்" என்று ஒன்றைக் காட்டினார். முழங்கால் உயரம். வாள் மாதிரி நிமிர்ந்த இலை. நுனி மட்டும் குங்குமத்தில் தொட்டெடுத்த மாதிரி சிவப்பு. தொட்டி முப்பத்தைந்து வெள்ளி, ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம். டீச்சரம்மா வீட்டில் இது இல்லை. அவரிடம் இல்லாத ஒன்று என் வாசலில் இருந்தால், இரண்டாம் படிவத்துக்கும் தலைமையாசிரியைக்கும் நடுவில் உள்ள தூரம் கொஞ்சம் குறையும் என்று கணக்குப் போட்டேன். ஆறு தொட்டி.

லோரியில் ஏற்றும்போது என் கணவர் ஒரு இலையை விரலால் உருவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"சரோ, இது லாலாங் மாதிரி இருக்கே."

லாலாங் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர்த் தோட்டங்களில் ஆள் வைத்துத் தோண்டியும் மருந்தடித்தும் தலைமுறை தலைமுறையாக அழிக்கப் பார்த்து, இன்னும் அழியாமல் இருக்கும் களை. என் கணவர் காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். நான் ஒரு வயதிலேயே கிள்ளானுக்கு வந்தவள். லாலாங்கைச் சாலையோரத்தில் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

"ஜப்பான் சாமான்னு சொல்றாங்க, நீங்க லாலாங்குங்கிறீங்க. லாலாங்க யாராச்சும் தொட்டியில வச்சு விப்பாங்களா? நாலு பேரு முன்னால இப்படிப் பேசி மானத்த வாங்காதீங்க."

அவர் லோரியின் பின்கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வாசலில் இருந்த மண்பட்டையில் எல்லாவற்றையும் நட்டோம். புல்லை வளர்ப்பது பிள்ளையை வளர்ப்பது மாதிரி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் பிள்ளை வளர்த்த லட்சணம் தர்ஷினிக்குத் தெரியும். லேசாகத் தும்மினால் இரண்டு கம்பளி. அதையேதான் புல்லுக்கும் செய்தேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை தண்ணீர். மழை பெய்த நாளிலும் தண்ணீர். (மழைத் தண்ணீர் வேர் வரை போயிருக்குமா என்ற சந்தேகம்.) வாரம் ஒரு மூட்டை கோழி எரு. தெரு முழுக்க நாற்றம் வந்து, பின்வரிசைக்காரர், யாரோ கோழி வளர்க்கிறார்கள் என்று நகராட்சிக்குச் சொல்லிவிட்டார்.

நரிவால் ஒரு மாதத்தில் என் தோள் உயரம் வளர்ந்தது. பெருமையாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு மழை. காலையில் பார்த்தால் எட்டுக் குத்தும் கல்யாண வீட்டில் சாப்பிட்டுப் படுத்த ஆட்களைப்போல நாலா பக்கமும் சாய்ந்து கிடந்தன. எருவும் தண்ணீரும் அளவுக்கு மிஞ்சினால் புல்லுக்கு உடம்பு வருமே தவிர முதுகெலும்பு வராது என்பது அப்போது தெரியாது. தர்ஷினியின் தலைமுடி ரப்பரை எல்லாம் எடுத்து ஒவ்வொரு குத்தையும் இடுப்பில் கட்டினேன். கட்டும்போது இலை விளிம்பு பிளேடு மாதிரி விரல்களைக் கிழித்தது. தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்திருந்த பழைய கையுறையைப் போட்டுக்கொண்டேன். அதில் ஓட்டை இருந்தது.

கட்டி முடித்துப் பார்த்தால் பள்ளிக்கூடம் கிளம்பிய எட்டுப் பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்பது மாதிரி இருந்தது.

பிறகு நடுவில் வழுக்கை விழுந்தது. ஓரத்தில் பச்சையாகவும் மையத்தில் காய்ந்து பழுப்பாகவும், பார்க்க அப்படியே என் கணவரின் தலை. ஈரம் காயாமல் வேர் அழுகுகிறது, தண்ணீரைக் குறை என்று அவர் சொன்னார். நான் தாகத்தால்தான் காய்கிறது என்று நாலாவது வேளையைச் சேர்த்தேன். கார் நிறுத்தும் கூரையின் நிழல் வேறு அங்கேயே விழும். வெயில் இல்லாமல் ஒரு கதிர்கூட வரவில்லை. வால் இல்லாத நரிவால். இதற்கு நடுவில் அந்தப் புதருக்குள் பாம்பு இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு வந்து, தினமும் காலையில் சட்டிமூடியைத் தட்டிக்கொண்டே கதவைத் திறந்தேன். பாம்பு வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்தார், என்ன பூசை என்று கேட்க.

மூன்றாவது மாதம் முடியும்போது நரிவால் எட்டும் போய்ச் சேர்ந்தன.

ஜப்பான் மட்டும் பிழைத்தது. பிழைத்தது என்று சொல்வது மரியாதைக் குறைவு. என் நாலு வேளைத் தண்ணீரையும் எருவையும் வாங்கிக்கொண்டு ஆட்சியைப் பிடித்தது. நுனியின் சிவப்பு மெல்ல மறைந்து முழுக்கப் பச்சையானது. நட்ட இடத்தை விட்டு இரண்டடி தள்ளி ஒன்று முளைத்தது. பிறகு சிமெண்டு வெடிப்பில் ஒன்று. பிறகு கறிவேப்பிலை வாளியின் அடி ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, வாளிக்கு மேலே எட்டிப் பார்த்தது. ஒருநாள் காக் யா சுவருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே வேரோடு பிடுங்கிய புல். கோபமே இல்லாமல், தவறிப்போய் வந்துவிட்ட கோழியைத் திருப்பிக் கொடுப்பதுபோல, "சரோ, யூ புன்யா" என்றார். உன்னுடையது என்று அர்த்தம். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். (வாங்கி நட்டேன். முப்பத்தைந்து வெள்ளி.)

என் கணவர், ஒரு நாள் லீவு எடுத்து மண்ணைத் தோண்டி வேரோடு எடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். டீச்சரம்மாவுக்குக் காட்ட என்னிடம் வேறு புல் இல்லை. ஆனால் தட்டு வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது வாசலில் நின்று அதை ஒரு தலைமையாசிரியையின் கண்ணால் பார்த்தேன். பாழடைந்த வீடு மாதிரி இருந்தது. தர்ஷினி பின்னால் வந்து நின்றாள். "அம்மா, அவங்க புல்லப் பாக்க வரலைமா, என்னப் பாக்க வராங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் சொன்ன பொய் என் பெண்ணின் கல்யாணத்துக்குள் வேர் விட்டுக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அன்று மத்தியானமே துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் தரையோடு தரையாக வெட்டினேன். ஹார்ட்வேர் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் புல்பாய் வாங்கி வந்து, கேட்டிலிருந்து வாசற்படி வரை விரித்துவிட்டேன். மெலிசான பாய், மலிவானதாகப் பார்த்து வாங்கியது. என் சமாதானம் இதுதான்: எங்கள் வீட்டில் புல் இருக்கிறது என்றுதான் டீச்சரிடம் சொன்னேன். உயிருள்ள புல் என்று சொல்லவில்லை.

நாலு நாள் கழித்துப் பார்த்தேன். பாய், வாங்கியபோது இருந்ததைவிடச் செழிப்பாகத் தெரிந்தது. நல்ல சாமான்தான் என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஐந்து தட்டு. முதல் தட்டு டீச்சரம்மாவின் கையில். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், நடுவில் குங்குமம் வைத்த தேங்காய். பட்டுப் புடவை. நம் ஆட்கள் வழக்கப்படி கேட்டுக்குப் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றினார்கள். டீச்சரம்மா பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வலதுகாலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

வைத்த கால் அப்படியே நின்றது.

லாலாங் குருத்து மண்ணிலிருந்து வரும்போது ஊசி மாதிரிதான் வரும். வெட்டிவிட்டால் அடுத்த குருத்து இன்னும் வேகமாக வரும். மெலிசான பிளாஸ்டிக் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு வாரமாக அது பாயைத் துளைத்துக்கொண்டு வந்து, பச்சையோடு பச்சையாக நின்றிருக்கிறது. என் செழிப்பு அதுதான்.

டீச்சரம்மா கத்தவில்லை. "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. தட்டு மட்டும் லேசாகச் சாய்ந்தது. தேங்காய் உருண்டது. அவர் காலடியில் விழுந்து, சரிவில் இறங்கி, கேட்டைத் தாண்டி, எங்கள் வீட்டு முன்னால் ஓடும் சாக்கடை வரை போய் நின்றது. எட்டுப் பேரும் தலையைத் திருப்பி அது போவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் போனது மாதிரி எனக்கு ஞாபகம்.

டீச்சரம்மா காலைத் தூக்கினார். உள்ளங்காலில் ஒரு சொட்டு ரத்தம்.

கண்ணனின் அத்தை, தன் தம்பியின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "முத காலு வைக்கிறப்பவே ரத்தம். தேங்காயும் வெளிய போயிடுச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாமே தம்பி."

கண்ணனின் அப்பா மனைவியைப் பார்த்தார். கண்ணன் தர்ஷினியைப் பார்த்தான். தர்ஷினி தரையைப் பார்த்தாள். இன்னொரு நாள் என்பது நம் வீடுகளில் எந்த நாளும் இல்லை என்று எனக்குத் தெரியும். மயக்கம் போடலாமா என்று யோசித்தது இந்த இடத்தில்தான். வேறு வேலை வந்துவிட்டது என்று சொன்னேனே, அதுவும் இந்த இடத்தில்தான்: டீச்சரம்மா தட்டைக் கண்ணனிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் நொண்டி வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, குனிந்து பாயின் ஓரத்தைப் பிடித்தார். நான் ஓடிப்போய் அந்த ஓரத்தின்மேல் நின்றுகொண்டேன்.

"நகருங்க" என்றார்.

தலைமையாசிரியைக் குரல். நகர்ந்தேன்.

பாயைத் தூக்கினார். அடியில் வெட்டுப்பட்ட காம்பும் புதுக் குருத்துமாக ஒரு ஆணிப்படுக்கை. "இது லாலாங்தானே?" என்றார்.

"ஜப்பான் சாமான் டீச்சர்" என்றேன். அதற்குமேல் தாங்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏற்றியது மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தோட்டம் இல்லை என்பது, காரில் பேசியது, நரிவால் எட்டும் செத்தது, தலைமுடி ரப்பர், கோழி எரு, கத்தரிக்கோல், ஆறு தொட்டி, தொட்டி முப்பத்தைந்து வெள்ளி. நான் இரண்டாம் படிவத்தோடு நின்றவள் என்பதைக்கூடச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

"விலை குடுத்தா வாங்குனீங்க?" என்று கேட்டார் டீச்சரம்மா. "லாலாங்கயா?"

"ஆமா டீச்சர்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து என் கணவர் மஞ்சள் மருந்து எடுக்க உள்ளே ஓடினார். டீச்சரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அதுவரை எழுத்து எழுத்தாகப் பேசிக்கொண்டிருந்தவரின் வாயிலிருந்து வேறு ஒரு தமிழ் வந்தது.

"எட்டு வயசுலருந்து இந்தச் சனியனப் புடுங்குனவ நானு. ஸ்கூல் விட்டா நேரா காடுதான். ஒரு வாளி வேருக்கு அஞ்சு காசு குடுப்பான் கங்காணி. என் புஸ்தகம் பூரா லாலாங் காசுல வாங்குனது. இதுக்குப் போயி எரு போட்டீங்களா?"

"வாரம் ஒரு மூட்டை டீச்சர்."

இப்போது காக் யாவும் சிரித்தார். என்ன புரிந்ததோ தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சாக்கடை ஓரத்துக்குப் போய்த் தேங்காயை எடுத்து, தன் வீட்டுக் குழாயில் கழுவி, சுவருக்கு மேலே நீட்டினார். "யூ புன்யா."

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. இருந்தாலும் சகுனம் என்று ஒன்று இருக்கே என்று ஆரம்பித்தார். டீச்சரம்மா திரும்பி, "அண்ணி, பொண்ணு மாப்பிள்ளைய என்னன்னு வாழ்த்துவோம்?" என்று கேட்டார். வகுப்பில் கடைசி பெஞ்சைக் கேட்பது மாதிரி.

அத்தை தடுமாறி, "ஆல்போல் தழைச்சு அருகுபோல் வேரோடி" என்றார்.

"அருகம்புல்லாச்சும் கொத்துனா போயிடும். இது போகவே போகாது. கத்தரிக்கோல், எரு, பிளாஸ்டிக், எல்லாத்தையும் தாண்டி வந்து என் கால்ல குத்தி வான்னு கூப்புட்டிருக்கு. இதவிட என்ன சகுனம் வேணும் உங்களுக்கு? தட்ட எடுத்துட்டு உள்ள வாங்க."

தட்டு மாற்றியாயிற்று. மஞ்சள் மருந்து தடவிய காலைப் பட்டுப் புடவைக்கு வெளியே நீட்டிக்கொண்டு டீச்சரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாயசம் குடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டு நரிவால் என்னாச்சுன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "நீங்க வரீங்கன்னு முந்தின நாள்தான் பூத்ததாப் பாத்து வாங்கி நட்டேன். பொண்ணு வீட்டுக்காரங்க வந்தா வாசல் மொட்டையா இருக்கக் கூடாதுன்னு ஒரு பயம். ரெண்டே வாரத்துல எல்லாம் சாஞ்சிடுச்சு."

"தண்ணி ரொம்ப ஊத்திட்டீங்களா டீச்சர்?" என்றேன்.

"மூணு வேளை" என்றார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. கண்ணனும் தர்ஷினியும் சுங்கை வேயில் குடியிருக்கிறார்கள். நான் கடையில் விலை அதிகமாக எதையாவது கையில் எடுத்தால், அது மிக்சியானாலும் செருப்பானாலும், வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் கேட்பார்கள்: "நுனி சிவப்பா இருக்கா?" என் கணவர் மட்டும் கேட்கமாட்டார். முகர்ந்து பார்ப்பார்.

லாலாங் இன்னும் இருக்கிறது. மூன்று முறை தோண்டினோம், இரண்டு முறை மருந்தடித்தோம், ஒருமுறை முழுக்கச் சிமெண்டு போட்டோம். சிமெண்டு போட்ட மூன்றாவது மாதம் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. டீச்சரம்மா வரும்போதெல்லாம் காப்பிக்கு முன்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் குந்திவிடுவார். வேர் அறுபடாமல், அந்த வெள்ளை வேரை முழ நீளத்துக்கு உருவி எடுப்பதை அவரிடம்தான் பார்க்க வேண்டும். ஒரு வாளி நிறைந்ததும் உள்ளே வந்து எங்கள் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு கோடு போடுவார். அஞ்சு காசு அந்தக் காலத்துக் கூலி, விலைவாசி ஏறிவிட்டது, இப்போது வாளிக்கு ஐந்து வெள்ளி என்று அவரே தீர்மானித்துவிட்டார். எத்தனையோ முறை கொடுக்கப் போயிருக்கிறேன். வேலை முடியட்டும், மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு எண்பத்து மூன்று வாளி. பாக்கி நானூற்றுப் பதினைந்து வெள்ளி.